முறைவைத்துப் பகிரும் ஏரி

நுழையும்முன்

காலநிலை மாறிவருகிறது, நிலக்கரியும் எண்ணெயும் என்றென்றும் கிடைப்பன அல்ல. குறைந்துவரும் வளத்தைச் சண்டையின்றிப் பகிர்ந்துகொள்வது எவ்வாறு? இவ்வினாவிற்குரிய விடையின் ஒரு பகுதியைப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் காணலாம்.

ஏரியும் ஊர்களும்

தமிழ்நாடும் ஆந்திரப்பிரதேசமும் பங்கிட்டுக்கொள்ளும் பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர்கின்றன. முகத்துவாரம் வழியே கடல்நீர் நுழைகிறது. இவ்விரண்டும் கலப்பதனால் இறாலும் நண்டும் மடவையும் இங்குச் செழிக்கின்றன. இவ்வளத்தை நம்பி வாழும் ஊர்களுள் ஒன்று தோணிரேவு. தோணி என்பது படகு. ரேவு என்பது தெலுங்கில் துறை. இருமொழி கலந்த எல்லைப்புறத்தை ஊரின் பெயரே உணர்த்துகிறது.

பாடு என்னும் நெறி

ஏரியில் எல்லா இடங்களும் ஒன்றுபோல இரா. நீரோட்டம் மிகுந்த முகத்துவாரப் பகுதியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும். அவ்விடங்களை வலியவர் கைப்பற்றிக்கொள்ளாதவாறு மீனவ ஊர்கள் வகுத்துக்கொண்டதே ‘பாடு’. உரிமையுடையோர் கூடி, யார் எந்நாளில் எங்கு வலை கட்டுவது என முறைவைத்துக்கொள்வர். நல்ல இடம் எவர்க்கும் நிலையாக உரியதன்று. இன்று ஒருவர்க்கு, நாளை மற்றொருவர்க்கு. கழிகளை ஊன்றிக் கட்டிய வலைக்குள் இறாலைக் கொண்டுவந்து சேர்ப்பது நீரோட்டமே. அதனை ஓட்டிப் பிடிக்க டீசல் வேண்டுவதில்லை. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் ஊன்றுவலை மீனவர்கள் சீட்டுக்குலுக்கி இடங்களைப் பகிர்ந்துகொள்கின்றனர்.

பொதுவளத்தைப் பயன்படுத்துவோரே விதிகளை வகுத்து அதனைக் காக்கவும் வல்லவர் என ஆய்ந்து காட்டிய எலினார் ஆஸ்ட்ரம், 2009ஆம் ஆண்டு பொருளாதாரத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார். எண்ணெய் குறையும் காலத்தை எதிர்கொள்ள இங்கிலாந்தின் டாட்னஸ் நகர மக்கள் 2006இல் ஓர் இயக்கம் கண்டனர். மக்கள் தாமே கூடி முடிவெடுக்கும் அப்பழக்கம் ஏரிக்கரை மீனவர்க்குப் புதியதன்று.

நெறியின் குறை

ஆயினும், பாடு பிறப்பால் வரும் உரிமை. அது குறிப்பிட்ட சில ஊர்களின் மீனவச் சமூகத்தார்க்கே உரியது. பாடில்லாத ஊரினரும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளரும் அதற்கு வெளியே நிற்கின்றனர். வளம் நிறைந்திருந்த நாளில் இவ்வேறுபாடு பொறுக்கத்தக்கதாகத் தோன்றியிருக்கலாம். வளம் குறையும் நாளிலோ பகையாக முற்றும்.

குறைவிற்குக் காரணங்கள் பல. கோடையில் மணல் குவிந்து முகத்துவாரம் அடைபட்டால் கடல்நீர் வரத்து நின்று இறால் வரத்தும் குன்றும். கடல்மட்டம் உயர்வதும் புயல்கள் வலுப்பதும் தாழ்ந்த கரையூர்களை அச்சுறுத்துகின்றன. முகத்துவாரத்தைத் தூர்வாருவதும் அலையாத்தி மரங்களை வளர்ப்பதும் ஓர் ஊர் தனித்து முடிக்கும் பணிகள் அல்ல. பாடுடையோரும் இல்லாதோரும் ஓரவையில் அமர்ந்தாலன்றி அவை நிலைபெறா.

முறைவைத்துப் பகிர்தல் முன்னோர் தந்த செல்வம். அம்முறைக்குள் அனைவரையும் சேர்த்தல் நாம் செய்யவேண்டிய கடமை.

கற்பவை கற்றபின்

ஏரிப்பாசனத்தில் முறைவைத்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டியின் பணியைப் பாடு முறையோடு ஒப்பிடுக. அம்முறைகளில் இடம்பெறாதோர் யாவர் எனக் கலந்துரையாடுக.