வேனில் பெயர் எழுதலாமா?

கேள்வி: அமெரிக்காவில் சொந்த வேனில் அவசரச் சரக்கு ஏற்றுகிறேன். வண்டியில் பெயர் எழுதியே ஆக வேண்டுமா?

பதில்: எடையைப் பாருங்கள். மாநிலம் தாண்டி ஓடும் வண்டியின் மொத்த எடைத்திறன் 10,001 பவுண்டை எட்டினால், இரு பக்கமும் நிறுவனப் பெயரும் மத்தியப் போக்குவரத்துத் துறை தரும் யுஎஸ்டாட் எண்ணும் கட்டாயம். பகலில் 50 அடி தள்ளி நின்று படிக்க முடிய வேண்டும். சாதாரண வேன்கள் பெரும்பாலும் அந்த எடைக்குள் அடங்கிவிடும். (அபாயச் சரக்கு என்றால் கணக்கு வேறு.)

ஆனாலும் எழுதுங்கள். நள்ளிரவில் தொழிற்சாலை வாசலில் வந்து நிற்கும் பெயரில்லாத வெள்ளை வேனைக் காவலாளி சந்தேகமாகத்தான் பார்ப்பார். பெயரும் தொலைபேசி எண்ணும் போதும். கழுகுப் படமும் தீப்பிழம்புப் படமும் எதற்கு? பெயர் எழுதி ஒட்டும் காந்தத் தகடு மலிவுதான், ஆனால் அடிக்கடி கழற்றித் துடைக்காவிட்டால் பெயின்ட் பாழ். பெரிய நிறுவனத்திடம் ஒப்பந்தத்தில் ஓடுகிறீர்களா? அப்படியானால் அவர்களைக் கேட்காமல் ஸ்டிக்கர் கடைக்குப் போகாதீர்கள்.