சைக்கிள் கிராங்கின் தளர்ச்சி

சங்கத்துப் பாலைச் சுமந்து செல்லும் சைக்கிளில், மிதிக்குந்தோறும் ‘டக்’கென்று சப்தம் எழுமாயின் அதனை அசட்டை செய்தல் ஆகாது. பெரும்பாலும், கிராங்கை அச்சுடன் பிணைக்கும் காட்டர் பின் என்னும் ஆணி தளர்ந்திருக்கும். ஒரு கிராங்கை அசையாது பிடித்துக்கொண்டு மற்றதை ஆட்டிப் பார்க்க வேண்டும். அது தனியே அசைந்தால் ஆணியே காரணம். இரண்டும் சேர்ந்து பக்கவாட்டில் ஆடின், குற்றம் அச்சைத் தாங்கும் குண்டுகளிலும் கிண்ணத்திலும் உள்ளது.

இவ்வாணி ஓர் ஆப்பு. அதன் சரிவு அச்சிலுள்ள தட்டையான இடத்தில் அழுந்தி நின்றே பிடி கொடுக்கிறது. நட்டு அதற்குக் காவல் மாத்திரமே. இதனை அறியாமல் நான் ஒருமுறை நட்டை மட்டும் பலங்கொண்டு முறுக்கி, மரை அழிந்து, 5 மைல் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஆகையால் முதலில் கிராங்கின் அடியில் கனத்த இரும்புத் துண்டொன்றை முட்டுக்கொடுத்து, ஆணியின் தலையில் சுத்தியால் அடித்து இறுக்கிய பிறகே நட்டை முடுக்குக. முட்டின்றி அடித்தால் அவ்வடி குண்டுகளைக் கெடுக்கும். சில மைல் ஓட்டியபின் மறுமுறையும் இவ்விதமே செய்க.

சரிவில் பள்ளம் விழுந்திருப்பின் புதிய ஆணி வேண்டும். 9, 9.5 மில்லிமீட்டர் எனப் பலவகைப் பருமன் உண்டாதலால், பழையதையே கடைக்குக் கொண்டு செல்க. இரு பக்கத்து ஆணிகளும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். இல்லையேல் கிராங்குகள் ஒரு நேராக நில்லா. தளர்ச்சியுடனே ஓட்டிவந்தால் அச்சின் தட்டையான இடமும் தேயும். பிறகு எத்தனை ஆணி மாற்றினும் பயனில்லை, அச்சையே மாற்ற நேரிடும்.