வயல்வெளியும் வான்படமும்

நுழையும்முன்

வரப்பில் நின்று இலையின் நிறம் பார்த்தே பயிரின் நிலையைச் சொல்லிவிடுவர் நம் உழவர். அதே செய்தியைப் பல நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து அறியச் செயற்கைக்கோள்கள் முயல்கின்றன. அவை எதைக் காண்கின்றன, எதைக் காணத் தவறுகின்றன என்பதை மதுரைச் சமவெளியை முன்வைத்து இப்பாடம் ஆராய்கிறது.

வண்டியூர்க் கண்மாயைத் தொலையுணர்வுப் படத்தில் முதன்முறை காண்போர் அதன் நிறங்களைக் கண்டு திகைப்பர். நீர்ப்பரப்பு கருமையாகவும், அதனை நெருக்கிச் சூழ்ந்த குடியிருப்புகள் நீலச்சாம்பலாகவும், கிழக்கே மேலூர் நோக்கி விரியும் நெல்வயல்கள் செக்கச் செவேலெனவும் தோன்றும். பசுமை ஏன் சிவப்பாயிற்று? இலையின் பச்சையம் சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்கிறது. நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரையோ நலமான இலை பெருமளவில் எதிரொளிக்கிறது. அக்கதிருக்குப் படத்தில் சிவப்பு நிறம் தரப்படுகிறது. பயிர் வாடினால் இந்த எதிரொளிப்புக் குறையும். கண்ணுக்கு மஞ்சள் தெரியுமுன்னரே படத்தில் சிவப்பு மங்கிவிடுவதும் உண்டு.

இந்தியாவில் இவ்வழியைத் தொடங்கிவைத்தது ஒரு தென்னை நோய். 1970ஆம் ஆண்டையொட்டி, கேரளத்தில் வேர்வாடல் நோய் தாக்கிய தோப்புகளின்மீது ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டு, அகச்சிவப்புப் படச்சுருளில் படமெடுத்து ஆராய்ந்தவர் அறிவியலறிஞர் பிஷாரடி. இந்தியத் தொலையுணர்வின் தந்தை என அவர் போற்றப்படுகிறார்.

1988 மார்ச் 17 அன்று ஐ.ஆர்.எஸ். 1ஏ விண்ணில் ஏவப்பட்டது. அதன் ஒரு கருவி எடுத்த படத்தில் ஒரு புள்ளி 72.5 மீட்டர் பக்கமுள்ள சதுரமாகும். அதாவது, ஏறத்தாழ 1.3 ஏக்கர். முப்பது சென்ட், ஐம்பது சென்ட் எனத் துண்டுபட்ட நம் வயல்கள் இரண்டு சேர்ந்தாலும் அப்புள்ளியை நிரப்பா. 2015இல் ஏவப்பட்ட ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல் 2ஏ தரும் படத்திலோ ஒரு புள்ளி 10 மீட்டர் சதுரம். இரண்டரை சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. இப்படங்களை எவரும் கட்டணமின்றிப் பெறலாம் என்பது சிறு உழவருக்குக் கிடைத்த பேறு என்றே கூற வேண்டும்.

ஆயினும் சம்பாப் பருவத்தில், வடகிழக்குப் பருவமழை மேகங்கள் இப்படங்களை மறைத்துவிடும். அப்போது உதவுவது ரேடார். ரேடார் அலை மேகத்தை ஊடுருவும். நடவு வயலில் தேங்கிய நீரின்மேல் பட்டு வேறு திசையில் சிதறுவதால், அவ்வயல் படத்தில் கருமையாக இருக்கும். பயிர் வளர வளர ஒளிர்வு கூடும். எந்த வயல் எப்போது நடப்பட்டது, எது தரிசாகக் கிடந்தது என்பதை இதனால் அறியலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து இம்முறையில் நெற்பரப்பைக் கணித்தன. 2016இல் பருவமழை பொய்த்து, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டபோது, பயிர்க் காப்பீட்டு இழப்பை மதிப்பிட அக்கணிப்பு துணைநின்றது.

படம் நோயைச் சொல்லாது, குறையைத்தான் சொல்லும். ஓரிடத்தில் சிவப்பு மங்கினால் அது நீர்த்தட்டுப்பாடா, தழைச்சத்துக் குறைவா, வட்ட வட்டமாகப் பயிரைக் காயவைக்கும் புகையான் பூச்சியா என்பதை வயலில் இறங்கித் தூரைப் பிரித்துப் பார்த்தே அறிய முடியும். தழைச்சத்தை அறிய, விலை மலிவான இலை வண்ண அட்டை இன்றும் போதுமானது. எங்கே இறங்கிப் பார்க்க வேண்டும் என்பதைக் காட்டுவதே வான்படத்தின் பணி.

காப்பீட்டில்தான் சிக்கல் எழுகிறது. கிராமத்தின் விளைச்சலை அறிய, தேர்ந்தெடுத்த சில வயல்களில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் பரப்பில் கதிரறுத்து எடைபோடுவர். 2023 முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் தொழில்நுட்பக் கணிப்பும் இதனுடன் சேர்க்கப்படுகிறது. அதற்குக் குறைந்தது 30 விழுக்காடு மதிப்பு உண்டு. ஆனால் இரண்டும் சேர்ந்து தருவது ஊரின் சராசரியையே. தலைமடை வயலில் கதிர் சாய்ந்து கிடக்க, கடைமடை வயலில் நீரெட்டாமல் பயிர் கருகியிருக்கலாம். வான்படத்தில் முன்னது ஒளிர்சிவப்பு, பின்னது வெளிறிய சாம்பல். படம் இரண்டையும் பிரித்தே காட்டுகிறது. விளைச்சல் குறைவுக்கான இழப்பீடோ ஊர்ச் சராசரியைக் கொண்டே கணக்கிடப்படுகிறது.