இருபத்து நாலு வயதில் என்ன தேய்மானம்?

புனே பக்கத்தில் கடக்வாஸ்லாவைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு ஓய்வதே இல்லை. இளவயதுப் பையன் ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும், காரணம் தயாராக இருக்கும். தேசியப் பாதுகாப்பு அகாடமியில் இருந்தவன் என்றால், “ஓட விட்டே இடுப்பத் தேச்சுட்டாங்க.” அகாடமிக்கும் அவனுக்கும் சம்பந்தம் இல்லையென்றால், ஞாயிறுதோறும் சிங்ககட் கோட்டை ஏறியதுதான் குற்றம். கோட்டையும் ஏறாதவனா? சாலைப் பள்ளங்களில் பைக் ஓட்டியிருப்பான். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர்களிலிருந்து வரும் போன்களிலும் இதே கதை, இதே முடிவு. “தேய்மானம்னு சொல்லிட்டாங்க மேடம். பெல்ட் போட்டிருக்கான். கட்டிலை விட்டு இறங்க விடுறதில்ல.”

நான் பிசியோதெரபிஸ்ட். வலிக்கிற மூட்டை மடக்கியும் நீட்டியும் பார்ப்பதுதான் எனக்குப் பிழைப்பு. இந்த “தேய்மானம்” என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. இருபத்து நாலு வயதில் அப்படி என்ன தேய்ந்துவிடும்?

சொல் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். முதுகுக்கு எம்ஆர்ஐ எடுப்பார்கள். அறிக்கையில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது, தேய்மான மாற்றம் இருக்கிறது என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு குடும்பமே அழும். முதுகுவலி என்றால் என்னவென்றே அறியாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளை 2015-இல் தொகுத்தார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானமும் 30 சதவீதம் பேருக்குப் பிதுக்கமும் இருந்தன. ஒருவருக்கும் வலி இல்லை. ஆக, அந்த வரி உங்கள் மகனின் வலிக்குக் காரணம் சொல்லவில்லை. போதாததற்கு, பார்க்க வேண்டிய இடமே வேறு. முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் சாக்ரோஇலியாக் மூட்டு, முதுகுக்கு மட்டும் எடுக்கும் படத்தில் சரியாக விழாது. சாதாரண எக்ஸ்ரேயில் அந்த மூட்டின் கோளாறு தெரியவே சில வருடம் ஆகலாம். “எக்ஸ்ரே நார்மல்” என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

வலி எப்போது வருகிறது என்று யாராவது கேட்டார்களா? தேய்ந்த மூட்டு நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் அடங்கும். அழற்சி பிடித்த மூட்டு இதற்கு நேர் எதிர். படுத்தால் ஏறும். விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு எழுப்பிவிடும். காலையில் அரை மணி, ஒரு மணி நேரம் உடம்பு கட்டையாக இருக்கும். வெந்நீரில் குளித்து நாலு அடி நடந்தால் இளகும். இந்த வாரம் இடது பிட்டம், அடுத்த வாரம் வலது பிட்டம் என்று மாறும். நாற்பத்தைந்து வயதுக்குள் மெல்லத் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும். இவ்வளவும் பொருந்தினால் அது அன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸாகவோ அதன் குடும்பத்து நோயாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். உடம்பின் காவல்படை சொந்த மூட்டையே தாக்குகிற நோய் இது. தசைநாரும் எலும்பும் சேரும் இடங்களில் வீக்கம் கண்டு, கவனிக்காமல் விட்டால் சிலருக்கு முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போகும்.

ஓட்டம் இதைக் கொண்டுவரவில்லை. எச்எல்ஏ-பி27 என்ற மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 1973-லேயே லண்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் தனித்தனியாகக் கண்டறியப்பட்டது. அகாடமிக்குள் பதினாறரை முதல் பத்தொன்பதரை வயதுக்குள் நுழைகிறார்கள். நோய் தலைகாட்டுவது பெரும்பாலும் பதின்பருவக் கடைசியிலும் இருபதுகளிலும். இரண்டும் ஒரே வயதில் சந்தித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். சிங்ககட் ஏறியவனெல்லாம் கூன் விழுந்தா கிடக்கிறான்?

ஒரு விதிவிலக்கை மறைக்க மாட்டேன். கடும் பயிற்சியில் இருப்பவனுக்குக் கவட்டையில் புதிதாக வலி வந்து, காலை ஊன்றினால் கூடினால், தொடை எலும்பின் கழுத்தில் மெல்லிய விரிசல் இருக்கலாம். அங்கே ஓட்டத்தை அன்றைக்கே நிறுத்தி ஸ்கேன் எடுத்தாக வேண்டும். பையன்கள் அதைச் சொல்வதில்லை. சொன்னால் மெடிக்கல் போர்டு போட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்கு அர்த்தம் இல்லாமலும் இல்லை. பயிற்சியில் ஊனமுற்று வெளியேற்றப்பட்ட கேடட்களின் நிலையை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து கையில் எடுக்க வேண்டியிருந்தது.

மற்றபடி, ஓய்வு அந்த அழற்சி நோய்க்குத் தீனி. காலை மடக்கி, தலையணை வைத்துக் கட்டிலிலேயே கிடப்பவனின் இடுப்பு மடங்கிய வாக்கிலேயே இறுகத் தொடங்கும். இடுப்பு நீளாவிட்டால் நிமிர்ந்து நிற்க முழங்கால் மடங்கும், உடம்பு முன்னால் சரியும், பார்வை தரைக்குப் போகும். ஆறு மாதம் “ரெஸ்ட்” எடுத்த பையனை மல்லாக்கப் படுக்க வைத்தால் தொடை மெத்தையைத் தொடாது. இதைச் செய்தது நோய் பாதி, வீட்டார் பாதி. 2008-இல் வந்த காக்ரேன் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு 11 ஆய்வுகளில் 763 நோயாளிகளைக் கணக்கில் எடுத்துச் சொன்னது: சும்மா இருப்பதைவிட வீட்டில் உடற்பயிற்சி மேல், வீட்டில் தனியாகச் செய்வதைவிடக் கண்காணிப்பில் குழுவாகச் செய்வது அதைவிட மேல். நார்வே, ஸ்வீடன் நாடுகளில் 100 நோயாளிகளைச் சேர்த்து, ஒரு பாதியினரை மூன்று மாதம் மூச்சிரைக்கக் கடும் பயிற்சி செய்ய வைத்தார்கள். நோயின் வேகம் ஏறும் என்றுதானே நம் வீட்டில் சொல்வார்கள்? இறங்கியது.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலைக்குக் காசே ஆகாது. காலையிலும் இரவிலும் கால் மணி நேரம் குப்புறப் படுக்க வேண்டும். தலையணை கூடாது. முடியாதவன் ஐந்து நிமிடத்தில் தொடங்கட்டும். இடுப்பு மடங்கி இறுகுவதைத் தடுக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. இதைச் சொன்னால் “அவ்வளவுதானா மேடம்?” என்று ஏமாந்த முகத்தோடு கேட்கிறார்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து பெல்ட் வாங்கும்போது இந்தக் கேள்வி வருவதில்லை.

இந்தியாவில் இந்த நோய்க்குப் பெயர் வைக்கவே சராசரியாக ஏறக்குறைய ஏழு வருடம் ஆகிறது என்று 2009-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. சாதாரண வலி அவ்வளவு மலிவு என்பதும் ஒரு காரணம். இதே புனே மாவட்டத்தில் பிக்வான் கிராமத்தில் 1996-இல் டாக்டர் அரவிந்த் சோப்ரா குழுவினர் வீடு வீடாகப் போய்க் கேட்டபோது, மூட்டுவலி, முதுகுவலி என்று சொன்னவர்கள் ஏராளம்; அவர்களில் அழற்சி நோய் உள்ளவர்கள் கொஞ்சம். அந்தக் கொஞ்சப் பேரைக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுக்க, வலி எப்போது வருகிறது என்ற கேள்வியை விட்டால் மலிவான கருவி கிடையாது.

இன்னொன்று, கையை எங்கே வைத்துக் காட்டுகிறான் என்று பாருங்கள். பிட்டத்தில் வைத்தால் சாக்ரோஇலியாக் மூட்டாக இருக்கலாம். கவட்டையில் வைத்து, சம்மணம் போட முடியவில்லை, குனிந்து சாக்ஸ் மாட்ட முடியவில்லை என்றால் இடுப்பின் பந்துக்கிண்ண மூட்டே மாட்டிக்கொண்டது. இந்த நோயாளிகளில் நாலில் ஒருவருக்கோ மூன்றில் ஒருவருக்கோ அது நடக்கிறது. சின்ன வயதில் நோய் தொடங்கியவர்களுக்கு இன்னும் அதிகம். அப்போது என் பயிற்சி மட்டும் போதாது. மூட்டுவாத நிபுணரிடம் ஓடுங்கள், எலும்பு டாக்டரிடமே சுற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

மீதி நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மூச்சு செலவழிக்க மாட்டேன். பி27 பாசிடிவ் என்றால் கூன் நிச்சயம் என்பது பொய். அந்த மரபணு உள்ளவர்களில் மிகச் சிலருக்கே நோய் வரும், இல்லாதவர்களுக்கும் வருவதுண்டு. பெண்களுக்கு வராது என்பதும் பொய். அவர்களுக்கு எக்ஸ்ரேயில் தாமதமாகத் தெரிவதால் கணக்கில் விட்டுப்போனார்கள். 2022 முதல் அகாடமியில் பெண் கேடட்களும் இருக்கிறார்கள். அவர்கள் வலியை “மாதவிலக்கு” என்று தள்ளிவிடாதீர்கள். உருளைக்கிழங்கையும் ராத்திரித் தயிரையும் நிறுத்தினால் வாயு இறங்கி வலி போகும் என்பவர்கள் சிகரெட்டை நிறுத்தச் சொல்வதில்லை. முதுகெலும்பு ஒட்டிப் போவதை வேகப்படுத்துவது அதுதான். ஒரு கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பட்டால் கூசினால் “மெட்ராஸ் ஐ” என்று கடையில் சொட்டு மருந்து வாங்காதீர்கள். இந்த நோயாளிகளுக்கு அது கண்ணின் உள் அழற்சியாக இருக்கலாம், பார்வையே போகலாம்.

இரண்டே நாளில் வலியைப் பறக்கவிடும் பொடி வைத்திருப்பவர்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் கோபப்பட அனுமதியுங்கள். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது எத்தனையோ முறை பிடிபட்டிருக்கிறது. மாதக்கணக்கில் சாப்பிட்டால் தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது செத்துப்போகலாம். இடுப்பு வலிக்கு மருந்து தின்று இடுப்பையே இழக்கிற கொடுமை இது. அழற்சியை அடக்க டாக்டர்கள் போடும் டிஎன்எஃப் ஊசிகளைக் கண்டு அலறுபவர்கள் இந்தப் பொடியை வாயைத் திறந்து வாங்கிக்கொள்கிறார்கள். ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். அதைச் செய்துவிட்டு டாக்டர் சொன்னால் போடுங்கள். மூட்டே போய்விட்டால், அறுபது வயதாகட்டும், அப்புறம் மாற்றலாம் என்று முப்பது வயதுக்காரனை முடக்கிப் போடாதீர்கள். மாற்று இடுப்புகளில் 58 சதவீதம் 25 வருடம் உழைக்கின்றன என்று 2019-இல் லான்செட் இதழ் எழுதியது. அந்தக் கணக்கில் பெரும்பாலோர் முதியவர்கள், உண்மைதான். ஆனாலும் நடக்க முடியாத முப்பது வருடத்தை யார் திருப்பித் தருவார்கள்?

ஊரைப் பற்றியும் ஒரு புகார் இருக்கிறது. நீந்துவது இந்த இடுப்புகளுக்கு எவ்வளவு நல்லது என்று நான் சொல்லாத வாரம் இல்லை. தண்ணீர் உடம்பைத் தாங்கும், மூட்டுக்குப் பாரம் குறையும், மூச்சும் விரியும். கடக்வாஸ்லாவில் 1879-இல் கட்டி முடித்த அணை இருக்கிறது. தண்ணீரை ஆராய்வதற்கென்றே 1916-இல் தோன்றிய மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இவ்வளவு தண்ணீருக்கு நடுவே, இடுப்பு இறுகிய ஒருவன் பயமில்லாமல் இறங்க ஒரு பொது நீச்சல் குளம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. நீர்த்தேக்கத்தில் இறங்கவே இறங்காதீர்கள். அங்கே மூழ்கிச் செத்தவர்கள் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. நம் ஊர்களிலும் நிலைமை இதுதான். குளம் இருக்கும் இடத்தில் ஏணியைச் செங்குத்தாகச் சுவரில் பதித்து வைத்திருப்பார்கள். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் குளம் கேளுங்கள். காலை ஆறு மணிக்கே திறக்க வேண்டும், அகலமான படியும் இரண்டு பக்கமும் கைப்பிடியும் வேண்டும், உடை மாற்றும் அறையில் உயரமான பெஞ்ச் ஒன்று வேண்டும். தாழ்வான திண்டில் உட்கார்ந்தால் இவர்களால் எழுந்திருக்க முடியாது.