கம் பூட்ஸ்: பெயரும் பயனும்

முழங்கால் அளவுக்கு உயர்ந்த, தண்ணீர் புகாத ரப்பர் காலணியைக் 'கம் பூட்ஸ்' என்கிறோம். 'கம்' என்றதும் காகிதம் ஒட்டும் பசைதான் பலருக்கு நினைவு வரும். இங்கே பொருள் வேறு. மரத்தில் வடியும் பிசினுக்கு ஆங்கிலத்தில் 'கம்' என்று பெயர். ரப்பரும் மரத்துப் பாலிலிருந்து கிடைப்பதால், அமெரிக்காவில் ரப்பருக்கும் அந்தப் பெயர் வழங்கியது. ஆகவே கம் பூட்ஸ் என்றால் ரப்பர் பூட்ஸ் என்றே பொருள்.

வெல்லிங்டன்

இங்கிலாந்தில் இதே காலணிக்கு 'வெல்லிங்டன்' என்று பெயர். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கு எதிரான போரில் பங்கு கொண்டு, 1815-ல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற ஆர்தர் வெல்லெஸ்லிதான் வெல்லிங்டன் பிரபு. நீலகிரியில் உள்ள வெல்லிங்டனும் அவர் பெயரைத் தாங்கியதே. லண்டனில் ஹோபி என்ற காலணித் தொழிலாளி அவருக்காகத் தைத்த பூட்ஸ் தோலால் ஆனது.

1839-ல் சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் இருக்கும் என்று கண்டார். ஹைரம் ஹட்சின்சன் 1853-ல் பிரான்சில் ரப்பர் பூட்ஸ் தயாரிக்கத் தொடங்கினார். மரக்கட்டைக் காலணியுடன் வயலில் உழைத்த உழவர்கள் அதை விரும்பி வாங்கினர். முதல் உலகப் போரில் பதுங்கு குழித் தண்ணீரில் நின்ற வீரர்களுக்கும் இது பெருமளவில் தரப்பட்டது.

எங்கே உதவும்?

எலியின் சிறுநீர் கலந்த நீரில் வெறுங்காலுடன் நின்றால், காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவும் எலிக்காய்ச்சல் கிருமி உடலில் நுழையும். வாய்க்கால் வெட்டுவோரும், மாட்டுக் கொட்டில் கழுவுவோரும் கம் பூட்ஸ் அணிவது நல்லது. வயல் வேலைக்குப் பின் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு கண்டால் டாக்டரிடம் வேலையின் விவரத்தையும் சொல்ல வேண்டும்.

பாம்புக்கடி பெரும்பாலும் காலில்தான் படுகிறது. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் பூட்ஸுடன் டார்ச் விளக்கும் எடுத்துச் செல்ல வேண்டும். பூட்ஸ் ஆபத்தைக் குறைக்கும்; முற்றிலும் நீக்கிவிடாது. கடிபட்டால் கீறவோ, இறுக்கிக் கட்டவோ கூடாது. காலை அசைக்காமல், விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும்.

மருந்து தெளிக்கும்போது கால்சட்டையின் நுனி பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் வழியும் மருந்து பூட்ஸுக்குள் இறங்கிக் காலிலேயே தங்கிவிடும்.

கோமாரி நோய் பரவும் காலத்தில் பூட்ஸில் ஒட்டிய சாணமே நோயைக் கொட்டிலுக்குக் கொட்டில் கொண்டு போகும். முதலில் சாணத்தைத் தேய்த்துக் கழுவி, பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் சலவை சோடா கரைத்த தொட்டியில் பூட்ஸை நனைத்த பின்பே கொட்டிலுக்குள் நுழைய வேண்டும்.

ஆழமான சேற்றில் நாற்று நட இது ஏற்றதல்ல. சேறு பூட்ஸைப் பிடித்து இழுக்கும். வரப்பு, வாய்க்கால், கொட்டில், தோட்டம் ஆகிய இடங்களுக்கே பொருந்தும்.

பராமரிப்பு

பருத்திக் காலுறையுடன் அணிந்து பார்த்து அளவு தேர்ந்தெடுக்க வேண்டும். அடிப்பாகம் வழுக்காத வரிகளுடன் இருக்கட்டும். வேலை முடிந்ததும் கழுவி, தலைகீழாக நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் கிடந்தால் ரப்பர் வெடிக்கும். வெடித்த பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்து தேங்கும் என்பதால் அதை மாற்றிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் கவிழ்த்துத் தட்டிப் பார்த்த பின்பே காலை நுழைக்க வேண்டும். தேளும் பாம்புக்குட்டியும் உள்ளே ஒதுங்கியிருக்கக் கூடும்.