மேனேஜரை டிராப் செய்ய முடியாது

ஃபேன்டசி பேஸ்பாலில் சரியாக ஆடாத எந்த வீரரையும் ஒரு பொத்தானை அழுத்தி அணியிலிருந்து கழற்றிவிடலாம். கழற்றிவிட முடியாத ஒரே ஆள் மேனேஜர், அதாவது அணியை நடத்தும் நாம்தான். நியூஜெர்சியில் அலுவலக நண்பர்கள் நடத்தும் லீக்கில் சேர்ந்த புதிதில், அணியைத் தேர்ந்தெடுக்கும் முன் வீரர்களைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். யாருக்கு முழங்கையில் வலி, யாருக்கு ஒப்பந்தத்தின் கடைசி வருஷம், எந்த மைதானத்தில் பந்து அதிகம் பறக்கும், எல்லாம் அத்துப்படி. அப்படியும் பன்னிரண்டு அணிகளில் என் அணி ஏழாவது, எட்டாவது என்றே நின்றது. படிக்க வேண்டிய ஒரு ஆள் விட்டுப்போயிருக்கிறான் என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் பலருக்கும் பழக்கமான ட்ரீம்11 மாதிரி மேட்சுக்கு ஒரு அணி இதில் கிடையாது. மார்ச்சில் எடுத்த அணியை வைத்துக்கொண்டு செப்டம்பர் கடைசி வரை, ஒவ்வொரு நிஜ அணியும் 162 ஆட்டங்கள் ஆடும் நீண்ட சீசன் முழுவதையும் ஓட்ட வேண்டும். ஒரு வீரர் லீக்கில் ஒருவரிடம் மட்டுமே இருப்பார். எங்கள் லீக்கில் ஏலம். ஆளுக்கு 260 கற்பனை டாலர், 23 வீரர்கள். ஹோம் ரன், ரன், ஆர்பிஐ, ஸ்டோலன் பேஸ், சராசரி என்று பேட்டிங்கில் ஐந்து கணக்கு, பிட்சிங்கிலும் ஐந்து. வாரா வாரம் ஒரு எதிரி. இந்த விளையாட்டுக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர் டேனியல் ஓக்ரன்ட் என்ற பத்திரிகையாளர். 1980-ல் நியூயார்க்கில் நண்பர்களோடு முதல் லீக்கைத் தொடங்கினார். அவர் தன் லீக்கில் ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. எனக்கு இது பெரிய ஆறுதல்.

லீக் நடக்கும் தளத்தில் டிரான்ஸாக்‌ஷன் பக்கம் ஒன்று இருக்கும். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யாரைச் சேர்த்தோம், யாரைத் தூக்கினோம் என்று முழு சீசனும் அதில் வரிசையாகக் கிடக்கும். யாரும் திறந்து பார்ப்பதில்லை. நான் அதை ஒரு எக்செல் தாளில் இறக்கி, பக்கத்தில் இரண்டு பத்திகள் சேர்த்தேன். ஒன்று, அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தேன் என்பது. இன்னொன்று, தூக்கிவிட்ட ஆள் பிறகு என்ன ஆனார் என்பது. முதல் பத்தியை நிரப்ப முடியாமல் திணறியதிலேயே பாதி விஷயம் புரிந்துவிட்டது. பல இடங்களில் காரணமே ஞாபகம் இல்லை.

வீரர்களின் பெயரைவிட அதிகம் பேசியது மணிக்கணக்கு. எங்கள் வாரம் ஞாயிறோடு முடியும். நான் செய்த மோசமான மாற்றங்களில் பெரும்பாலானவை ஞாயிறு இரவு பதினொன்றுக்கு மேல் செய்தவை. அந்த வாரம் தோற்றிருப்பேன். நான்கு முறை ஸ்ட்ரைக் அவுட் ஆன ஒருவர் மேல் எரிச்சல். உடனே அவரைத் தூக்கிவிட்டு, அன்று இரண்டு ஹோம் ரன் அடித்த யாரோ ஒருவரைப் பிடித்துப் போட்டிருப்பேன். கோபத்தில் எடுத்த முடிவு என்பது அந்த நேரத்தில் தெரியாது, ஆராய்ந்து எடுத்த முடிவு மாதிரியேதான் இருக்கும். இப்போது எனக்கு ஒரே விதி: ஞாயிறு மாலையிலிருந்து செவ்வாய் காலை வரை யாரையும் தூக்குவதில்லை, ஒருவர் காயமடைந்தோர் பட்டியலில் சேர்ந்தால் தவிர. செவ்வாய்க்கிழமை அதே ஆளைத் தூக்க வேண்டும் என்று தோன்றுவது அபூர்வம்.

ஏப்ரல் மாதம் இதே நோயின் இன்னொரு முகம். 2006-ல் டெட்ராய்ட் டைகர்ஸின் கிறிஸ் ஷெல்டன் முதல் 13 ஆட்டங்களில் 9 ஹோம் ரன் அடித்தார். நாடே பேசியது. ஜூலை கடைசியில் அவரை மைனர் லீக்குக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வருஷம் அவருடைய மொத்தக் கணக்கு 16. எதிர்ப்பக்கம் 2024-ல் ஆரோன் ஜட்ஜ்: ஏப்ரல் முடிந்தபோது சராசரி 0.220-க்கும் கீழே. சீசன் முடிந்தபோது 0.322, 58 ஹோம் ரன், எம்விபி விருது. ஏப்ரலில் ஒரு பேட்டர் ஏறத்தாழ நூறு முறை ஆட வருவார். அந்த நூறில் அதிர்ஷ்டமும் திறமையும் பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கும். க்ரிஸ் டேவிஸ் என்ற ஒருவர் 2015 முதல் 2018 வரை நான்கு வருஷமும் சரியாக 0.247 அடித்தார். ஆனால் எல்லோரும் க்ரிஸ் டேவிஸ் கிடையாது. அவரும் எல்லா மாதமும் 0.247 அடிக்கவில்லை.

ஆகவே ஏப்ரலில் சராசரியைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன். அவர் ஆடும் விதமும் அவருக்குக் கிடைக்கும் இடமும் மாறியிருக்கிறதா என்று பார்க்கிறேன். பேட்டிங் வரிசையில் ஏழாவதிலிருந்து இரண்டாவதுக்கு ஏறினாரா? பிட்சர் என்றால் பந்தின் வேகம் சென்ற வருஷத்தைவிடக் குறைந்ததா? இவை மாறியிருந்தால் மே மாதம் வரை காத்திருக்காமல் அன்றே முடிவெடுக்கலாம். மாறாதபோது அவசரப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது கொஞ்சம் வெட்கக்கேடு. நான் நியூயார்க் மெட்ஸ் ரசிகன். எங்கள் ஏலத்தில் யாராவது மெட்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் பெயரைச் சொன்னால், மற்றவர்கள் பட்டியலைப் பார்க்க மாட்டார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த ஆள் அவர்களுக்கு வேண்டாம். விலையை ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள், என் 260-ல் ஒரு பெரிய துண்டு போய்விடும். ஏலம் முடிந்து வெளியே வரும்போது மதுரைக்காரத் தம்பி ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "அண்ணே, நாங்க உங்களுக்கு வாங்கிக் குடுக்கிறோமா, இல்ல நீங்களா வாங்குறீங்களா?"

மெட்ஸ் பிட்சர் ஜேக்கப் டிகிராம் விஷயத்தில் இது உச்சத்துக்குப் போனது. 2018-ல் அவருடைய ஈஆர்ஏ 1.70. கிரிக்கெட் கணக்கில் யோசிப்பவர்களுக்குச் சொன்னால், ஒரு முழு ஆட்டத்துக்கு இரண்டு ரன்கூட விட்டுக்கொடுக்காதவர். அப்படி வீசியும் அவருக்குக் கிடைத்த வெற்றி பத்துதான், ஏனென்றால் எங்கள் மெட்ஸ் அவருக்கு ரன் அடித்துக் கொடுக்கவில்லை. சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குத்தான் கிடைத்தது. ஃபேன்டசியில் 'வெற்றி' என்ற பிட்சிங் கணக்குக்கு எத்தனை காசு கொடுக்கலாம் என்பதையும் அந்த வருஷம்தான் சொல்லிக்கொடுத்தது. 2021-ல் ஈஆர்ஏ 1.08, ஆனால் ஜூலை முதல் வாரத்துக்குப் பிறகு மைதானத்தில் இறங்கவே இல்லை. 2022-ல் ஆகஸ்ட் வரை தோள்பட்டைக் காயம். 2023-ல் டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்குப் போய் ஆறே ஆட்டங்கள், பிறகு முழங்கையில் அறுவை சிகிச்சை. இத்தனைக்குப் பிறகும் ஏலத்தில் அவர் பெயர் வந்தால் கை தானாக உயர்ந்தது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2023 மார்ச்சில் மெட்ஸுக்குக் கடைசி இன்னிங்ஸில் வீசும் குளோசர் எட்வின் டியாஸ், உலக பேஸ்பால் கிளாசிக்கில் போர்ட்டோ ரிக்கோ ஜெயித்த சந்தோஷத்தில் குதித்தபோது முழங்காலில் அடிபட்டு, அந்த சீசன் முழுவதும் ஆட முடியாமல் போனது. அதற்கு முன்னால் டியாஸை ஏலத்தில் எடுத்தவர் யாரும் தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அது விதி. 2022-ல் டிகிராமை முழு விலைக்கு எடுத்தது அப்படி அல்ல. முந்தைய வருஷமே பாதி சீசனில் காணாமல் போனவர் அவர். இரண்டிலும் நட்டம் ஒன்றுதான், ஆனால் நம்முடைய பலவீனம் ஒன்றில் மட்டுமே இருக்கிறது. முடிவைப் பிறகு வந்த பலனை வைத்துத் தீர்ப்பு சொன்னால் இந்த வித்தியாசம் அழிந்துவிடும். அன்றைக்கு என்ன தெரிந்திருந்தது என்பதே அளவுகோல். அதனால்தான் காரணத்தை அன்றன்றே ஒரு வரி எழுதிவைக்கச் சொல்கிறேன்.

கதை அதோடு முடியவில்லை. 2025-ல் டிகிராம் 30 ஆட்டங்களில் வீசினார், ஈஆர்ஏ 2.97. அந்த வருஷம் நான் அவரைத் தொடவில்லை. நண்பர்கள் இன்னும் கேலி செய்கிறார்கள். என் தாளில் அதைத் தவறு என்று எழுதவில்லை.

இன்னொரு அணியோடு வீரர்களை மாற்றிக்கொள்ளும் ட்ரேடில் வரும் பலவீனம் எல்லோருக்கும் பொது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சிலருக்குக் காபிக் கோப்பை ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்கள் கொடுக்கத் தயாராக இருந்த விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கேட்டார்கள். சில நிமிஷம் கையில் இருந்த கோப்பைக்கே அப்படி என்றால், மார்ச்சிலிருந்து நாம் கண்விழித்துப் பார்த்த ஷார்ட்ஸ்டாப்புக்கு எவ்வளவு கேட்போம்! அதே மதுரைத் தம்பி ஒரு முறை என் ட்ரேடை மறுத்துவிட்டு, "உங்க ஆளுன்னா பவுன் விலை, எங்க ஆளுன்னா பித்தளை விலையாண்ணே?" என்று எழுதினார். இப்போது ட்ரேட் அனுப்பும் முன் தாளில் அதைத் தலைகீழாக எழுதிப் பார்க்கிறேன்: என் ஆள் அவரிடமும் அவர் ஆள் என்னிடமும் இருந்து, இதே ட்ரேடை அவர் எனக்கு அனுப்பினால் ஒத்துக்கொள்வேனா? "அவன் யார் இதைக் கேட்க" என்று கோபம் வந்தால், என் ட்ரேடைக் குப்பையில் போடுகிறேன்.

பழைய அறிவும் ஒரு பலவீனமாகலாம். 2023-ல் மேஜர் லீக் பேஸ்களின் அகலத்தை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கியது. பிட்சர் தடையின்றி இரண்டு முறைதான் பேஸில் நிற்பவரைப் பிடிக்க முயலலாம் என்றும் விதி வந்தது. 2022-ல் 2,486 ஆக இருந்த ஸ்டோலன் பேஸ் அடுத்த வருஷமே 3,503 ஆகிவிட்டது. எல்லோரும் திருடும்போது திருட மட்டும் தெரிந்தவருக்கு மவுசு குறையும் என்பது சாதாரணக் கணக்கு. நானோ ஓட்டம் ஒன்றை மட்டும் வைத்திருந்த ஆட்களுக்கு இரண்டு சீசன் பழைய விலையையே கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் அந்த உத்தி எனக்கு நன்றாகப் பலித்தது. பலித்ததாலேயே கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

இவற்றையெல்லாம் மன உறுதியால் திருத்திவிடலாம் என்று நான் நம்பவில்லை. மெட்ஸ் மேல் இருக்கும் ஆசை போகாது. ஆகவே ஏலத்துக்கு முன்பே எழுதிவைக்கிறேன்: மெட்ஸ் வீரர் ஒருவர்தான், அவருக்கும் உச்ச விலை இவ்வளவுதான். அந்தக் காகிதத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுகிறேன். பலவீனத்தோடு சண்டை போடுவதைவிட அதற்கு ஒரு இடம் ஒதுக்கி அணி கட்டுவது சுலபம், மலிவும்கூட.

கோடை விடுமுறை இதற்குச் சரியான உதாரணம். பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் ஊருக்குக் கிளம்புவோம். நியூயார்க்கில் மாலை 7:10-க்குத் தொடங்கும் ஆட்டம் திருச்சியில் மறுநாள் அதிகாலை 4:40. அணிகள் அன்றைய ஆடும் வரிசையை அறிவிப்பது ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு, அதாவது ஊரே உறங்கும் நேரத்தில். அலாரம் வைத்து எழுந்து பார்த்தால் வீட்டில் திட்டு. பார்க்காவிட்டால், பெஞ்சில் உட்காரவைக்கப்பட்ட ஆள் என் அணியில் ஆடிக்கொண்டிருப்பார். ஜூலை, ஆகஸ்டில் என் அணி சரியும் மர்மம் இதுதான். எழுந்துகொள்ளும் வீரத்தைக் கைவிட்டு, ஏலத்திலேயே வேறு மாதிரி வாங்கத் தொடங்கினேன். எதிரணியில் இடக்கைப் பிட்சர் என்றால் உட்காரவைக்கப்படும் பேட்டர்களை எடுப்பதில்லை, அவர்கள் எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும். மழை வெயில் பாராமல் தினமும் இறங்குபவர்களுக்கு ஓரிரு டாலர் கூடுதலாகக் கொடுக்கிறேன். இரவு படுக்கப்போகும் முன் வரிசையை அமைத்துவிட்டுத் தூங்கலாம்.

எல்லாப் பலவீனமும் நமக்கு மட்டும் நட்டம் தருவதில்லை. தோல்வி உறுதியானதும் அணியை அப்படியே அனாதையாக விட்டுவிடுவது நம்மில் பலருக்கும் உள்ள பழக்கம். ஆகஸ்டில் காயம்பட்ட நான்கு பேரைக் களத்தில் வைத்திருக்கும் அணியோடு மோதும் ஆளுக்கு அந்த வாரம் இலவச வெற்றி. அவரோடு பிளேஆஃப் இடத்துக்குப் போட்டியிடுபவருக்கு அது அநியாயம். உங்கள் அணி பன்னிரண்டாவது இடத்தில் இருந்தாலும் செப்டம்பர் கடைசி வரை வரிசையைப் போடுங்கள். முடியாது என்று தெரிந்தால் ஜூலையிலேயே லீக்கை நடத்தும் கமிஷனரிடம் சொல்லி, அணியை ஏற்க வேறொருவரைத் தேடச் சொல்லுங்கள்.