கத்தரி யார் கையில்?

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்பு மகளுக்கு,

கிள்ளானிலிருந்து நீ எழுதிய கடிதமும், அதனுடன் வைத்திருந்த படத்தின் நகலும் கிடைத்தன. தைப்பூசத்தன்று பத்துமலைப் படிகளில் கன்னத்தில் அலகு குத்தி நிற்கும் அந்தப் பக்தரின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலின் கம்பி கன்னத்தில் நுழையும் இடத்தில் இரத்தத்தை வரையாமல், வியர்வையில் நனைந்து கரைந்த விபூதியை மட்டும் தீட்டியிருக்கிறாய். அருகில் நின்று கண்டவளால்தான் அப்படி வரைய முடியும். அந்தப் படத்தைத்தான், நீ கடை வைத்திருக்கும் இணைய ஓவியத் தளம், ‘உடற்சிதைவு’ என்னும் வகையில் சேர்த்து, வாங்குவோர் கண்ணில் படாதபடி மறைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். மலேசியாவின் எந்தச் சட்டத்தை நீ மீறினாய் என்றும் கேட்டிருக்கிறாய்.

எந்தச் சட்டத்தையும் நீ மீறவில்லை என்பதே என் அபிப்பிராயம். ஆனால், மகளே, கேள்வியையே சற்றுத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. ஏனெனில் இக்காலத்தில் ஒரு படைப்பை விலக்குவதற்குச் சட்டமும் வேண்டியதில்லை, நீதிபதியும் வேண்டியதில்லை, அந்தப் படைப்புக்குப் பணம் வந்து சேரும் பாதையில் நிற்கும் ஒருவர் சற்று அஞ்சினாலே போதும்.

அந்தப் பாதையை முதலில் தெரிந்துகொள். சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் உன் படத்தை 100 ரிங்கிட்டுக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கார்டு கொடுத்தது ஒரு வங்கி. ஓவியத் தளத்தின் சார்பாகப் பணத்தைப் பெற்றுக்கொள்வது வேறொரு வங்கி. இவ்விரு வங்கிகளுக்கும் நடுவே கணக்கைக் கடத்துவது விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நிறுவனம். தளத்தையும் வங்கியையும் இணைத்து வைப்பது ஸ்ட்ரைப், பேபால் போன்ற பணப் பட்டுவாடா நிறுவனம். இவர்களில் தளத்தைத் தவிர வேறெவரோடும் உனக்கு நேரடியான தொடர்பு இல்லை. உன் பெயர்கூட அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆயினும் ஒவ்வொருவரும் தமக்கு மேலே இருப்பவரின் விதிகளுக்குக் கட்டுப்பட்டு, தமக்குக் கீழே இருப்பவர்மீது அவ்விதிகளைச் சுமத்துகிறார்கள். விதி மீறப்பட்டதாகக் கார்டு நிறுவனம் கருதினால், அபராதத்தை வங்கியின்மேல் விதிக்கிறது. வங்கி அதைப் பட்டுவாடா நிறுவனத்திடமும் தளத்திடமும் வசூலிக்கிறது. அதற்கும் மேலாக, இத்தகைய மீறலுக்காக வங்கியால் கைவிடப்பட்ட வணிகரின் பெயர் ‘மேட்ச்’ எனப்படும் பட்டியலில் 5 ஆண்டுகள் இருக்கும். அப்பட்டியலில் ஏறியவரை ஏனைய வங்கிகளும் சேர்க்கத் தயங்கும் என்பதால், ஒரு தளத்துக்கு அது ஏறக்குறைய வியாபாரத்தையே மூடும் உத்தரவுக்குச் சமானம்.

ஓர் உவமை சொல்கிறேன். கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே முன்பு பத்து தீகாவில் ஒரு சுங்கச் சாவடி இருந்தது. 2018 ஜனவரி 1 முதல் அங்கே சுங்க வசூல் நிறுத்தப்பட்டுவிட்டது. அந்தச் சாவடியில் இருந்தவர் காசை வாங்கிக்கொண்டு தடையைத் தூக்கினாரே தவிர, காரின் பின்பக்கத்தைத் திறந்து, உள்ளே என்ன புத்தகம் இருக்கிறது, என்ன படம் இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. இணையத்தின் சாவடிக்காரர் அதையும் பார்க்கிறார். தமக்குப் பிடிக்காததைக் கண்டால் வண்டியையே திருப்பி அனுப்புகிறார். வேறு சாலையோ அநேகமாக இல்லை.

அவர்களுடைய விதிதான் என்ன சொல்கிறது? மாஸ்டர்கார்டின் விதிப் புத்தகத்தில் 5.12.7 என்ற இலக்கமுள்ள விதி, சட்டவிரோதமான விற்பனையையும் தங்கள் பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் விற்பனையையும் விலக்குகிறது. அப்பட்டமாக அருவருப்பூட்டுவதும் குறிப்பிடத்தக்க கலை மதிப்பு இல்லாததுமான படங்கள் அதில் அடங்கும். ஒருவரின் சம்மதமின்றி அவர் உடலைச் சிதைப்பதைக் காட்டும் படங்கள் உதாரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. இறுதியில், நிறுவனம் ஏற்கத்தகாதது என்று கருதும் வேறு எதுவும் விலக்கப்படலாம் என்ற வாசகமும் இருக்கிறது. இதை உன் படத்தோடு ஒப்பிட்டுப் பார். விரதமிருந்து, வேண்டுதலின்பேரில், தானாகவே அலகு ஏற்றுக்கொண்டவரின் சம்மதத்தைப் பற்றிச் சந்தேகமே இல்லை. கலை மதிப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தின்படி பார்த்தால் உன் படம் விதிக்கு வெளியே தாராளமாக நிற்கிறது. ஆனால் விதியை எழுதியவர் உன் படத்தைப் பார்ப்பதில்லை. அபராதத்துக்கு அஞ்சும் வங்கி விதியைச் சற்று அகலமாக வாசிக்கிறது; வங்கிக்கு அஞ்சும் பட்டுவாடா நிறுவனம் இன்னும் அகலமாக வாசிக்கிறது; எல்லோருக்கும் அஞ்சும் தளமோ, தைப்பூசம் என்றால் என்னவென்று அறியாத ஊழியரிடமோ இயந்திரத்திடமோ அந்த வேலையை ஒப்படைத்துவிடுகிறது. மேலே ஒரு விரற்கடையாக இருந்த விலக்கு, கீழே வருவதற்குள் ஒரு முழமாகிவிடுகிறது.

இது வெறும் ஊகமன்று என்பதற்கு 2025ஆம் ஆண்டில் நடந்ததே சாட்சி. ஆஸ்திரேலியாவின் ‘கலெக்டிவ் ஷவுட்’ என்னும் இயக்கம், பலாத்காரத்தைக் கருவாகக் கொண்ட கணினி விளையாட்டுகள் விற்கப்படுவதைக் கண்டித்து, அவற்றை விற்ற தளங்களோடு நில்லாமல், விசா, மாஸ்டர்கார்டு, பேபால் முதலிய நிறுவனங்களின் தலைவர்களுக்கே ஜூலையில் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியது. அதே மாதத்தில் ‘ஸ்டீம்’ என்னும் பெரிய விளையாட்டுக் கடை, பணப் பட்டுவாடா நிறுவனங்களும் கார்டு நிறுவனங்களும் வங்கிகளும் வகுத்த விதிகளை மீறும் படைப்புகளுக்கு இடமில்லை என்று தன் விதிகளில் சேர்த்துக்கொண்டது. சுயேச்சையான கலைஞர்கள் விளையாட்டுகளையும் சித்திரக் கதைகளையும் விற்கும் ‘இட்ச்’ தளம், ஜூலை 24 அன்று, வயது வந்தோருக்கானது என்று குறிக்கப்பட்ட படைப்புகள் அனைத்தையும், நல்லது கெட்டது பிரித்துப் பார்க்க அவகாசமின்றி, தேடினாலும் கிடைக்காதபடி ஒரே நாளில் மறைத்தது. ஆட்சேபம் எழுந்தபோது, தாங்கள் எந்த விளையாட்டையும் மதிப்பிடவில்லை, எதையும் நீக்கச் சொல்லவுமில்லை என்று மாஸ்டர்கார்டு ஆகஸ்ட் 1 அன்று அறிக்கை விட்டது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமோ, மாஸ்டர்கார்டு தங்களிடம் நேரில் பேசவில்லை, பட்டுவாடா நிறுவனங்களும் வங்கிகளும்தாம் அந்த 5.12.7 விதியைச் சுட்டிக்காட்டித் தங்களை நிர்ப்பந்தித்தன என்று பதில் சொன்னது. இரண்டும் உண்மையாகவே இருக்கக்கூடும் என்பதைக் கவனி. ஒருவரும் வெட்டவில்லை, ஆனாலும் வெட்டு விழுந்தது.

கார்டு நிறுவனங்களின் அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பெரிய ஆபாசக் காணொளித் தளத்தில் சிறார் துன்புறுத்தப்பட்ட காட்சிகளும் இருக்கின்றன என்று 2020 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதழில் கட்டுரை வெளிவந்த பிறகுதான், விசாவும் மாஸ்டர்கார்டும் அத்தளத்துக்குப் பணம் செல்வதை நிறுத்தின. பாதிக்கப்பட்ட பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், விசாவையும் பிரதிவாதியாக வைத்து விசாரிக்கலாம் என்று 2022 ஜூலையில் கலிபோர்னியாவில் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். உண்மையான குழந்தைக்கு நேர்ந்த கொடுமையின் மூலம் எவரும் காசு சம்பாதிக்கக் கூடாது என்பதில் உனக்கும் எனக்கும் இரண்டாவது அபிப்பிராயம் இருக்க முடியாது. அந்த நியாயமான விலக்குக்காக வாங்கிய கத்தரியே, பிறகு உறையில் இருக்க மறுக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

ஜப்பானில் நடந்ததையும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓவியர்கள் கூடும் ‘பிக்சிவ்’ தளம் 2022 டிசம்பரில், கார்டு நிறுவனங்களின் விதிகளை முன்னிட்டு, காசுக்கு விற்கும் படைப்புகளுக்கு மட்டும் புதிய தடைகளை விதித்தது. ஒரே படம் இலவசமாக இருந்தால் தகும், விலை போட்டால் தகாது என்ற விசித்திரம் அப்போது உண்டாயிற்று. ‘டிஎல்சைட்’ என்னும் விற்பனைத் தளம் 2024 மார்ச்சில் முதலில் சில சொற்களை மாற்றிப் பார்த்தது. பிறகு ஏப்ரலில் விசா, மாஸ்டர்கார்டு ஆகியவற்றை ஏற்பதையே நிறுத்திவிட்டது. ஆயினும் அது மூழ்கிவிடவில்லை. ஜேசிபி என்னும் உள்நாட்டுக் கார்டும் வேறு வழிகளும் அந்நாட்டில் இருந்தன. இதை மனத்தில் வைத்துக்கொள், பின்னால் பயன்படும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். சுனார் என்ற பெயரில் வரையும் கேலிச்சித்திரக்காரரின் அலுவலகம் இதே பிரிக்பீல்ட்ஸில்தான் இருந்தது. 2010 செப்டம்பர் 24 அன்று, ‘கார்ட்டூன்-ஓ-ஃபோபியா’ என்ற அவருடைய புத்தகம் வெளியாகவிருந்த வேளையில், போலீசார் அங்கே புகுந்து 66 பிரதிகளை எடுத்துச் சென்று, அவரையும் கைது செய்தார்கள். அதே ஆண்டு உள்துறை அமைச்சு, 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின் கீழ் அவருடைய வேறு நூல்களைத் தடை செய்திருந்தது. 2011 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. 2015இல் தேச நிந்தனைச் சட்டத்தின் கீழ் அவர்மீது சாட்டப்பட்ட 9 குற்றச்சாட்டுகள், ஆட்சி மாறிய பின் 2018 ஜூலையில் மீட்டுக்கொள்ளப்பட்டன. அரசாங்கத் தடையை நான் புகழவில்லை. எட்டு ஆண்டுகள் ஒரு கலைஞரை அலைக்கழித்ததைப் புகழ என்ன இருக்கிறது? ஆனால் அந்தத் தடைக்கு ஒரு தேதி இருந்தது, அதன் பின்னே ஓர் அமைச்சு இருந்தது, எதிர்த்து வாதாட ஒரு நீதிமன்றம் இருந்தது. உன் படத்தின்மீது விழுந்த வெட்டுக்கு இவற்றில் ஒன்றுமே இல்லை.

சுனாரின் வரலாற்றில் நீ அவசியம் அறிய வேண்டிய இன்னொரு சம்பவம் உண்டு. 2014ஆம் ஆண்டின் இறுதியில், அவர் தம் புத்தகங்களை இணையத்தில் விற்றுக்கொண்டிருந்தபோது, விற்பனைப் பணத்தைப் பெற்றுத்தந்த நிறுவனத்திடம் போலீசார் சென்று, அவருடைய புத்தகங்களை வாங்கியவர்கள் யார் யார் என்ற விவரங்களைக் கேட்டார்கள். அச்சிட்டவருக்கும் கடைக்காரருக்கும் வந்த அச்சம் அதோடு வாசகரின் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. அரசு கேட்டாலும் சரி, கார்டு நிறுவனம் கேட்டாலும் சரி, கலைஞரின் உறுதி ஒருபுறம் இருக்க, இடையில் நிற்பவருடைய உறுதிதான் முதலில் சோதிக்கப்படுகிறது. அவருக்கோ அந்தப் படைப்பின்மேல் பற்று கொள்ள எந்த முகாந்திரமும் இல்லை.

எதிர்த்தவர்கள் வெல்லவே இல்லை என்று சோர்ந்துவிடாதே. 2012இல் பேபால், ‘ஸ்மாஷ்வேர்ட்ஸ்’ என்ற மின்னூல் விற்பனைத் தளத்திடம் சில வகைக் கதைகளை நீக்கச் சொன்னபோது, எழுத்தாளர்களும் உரிமை அமைப்புகளும் ஒன்றுகூடி ஆட்சேபித்ததால், சில வாரங்களில் அந்த விதியைப் பெருமளவு தளர்த்திக்கொண்டது. 2010 டிசம்பரில் விக்கிலீக்ஸுக்கு நன்கொடை செல்லும் வழியைக் கார்டு நிறுவனங்கள் அடைத்தன. 2013 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் உச்ச நீதிமன்றம், அந்நாட்டில் விசாவின் பட்டுவாடாவைக் கவனித்த வாலிட்டர் நிறுவனம் அவ்வழியைத் திரும்பத் திறக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. யாரை எதிர்க்கிறோம் என்று பெயர் தெரிந்த இடங்களில்தான் இவ்வெற்றிகள் கிடைத்தன என்பதைக் கவனித்தாயா?

ஆகையால் முதல் காரியமாக, தளத்துக்கு எழுது. எந்த விதியின்படி, யாருடைய கோரிக்கையின்பேரில் படம் மறைக்கப்பட்டது என்று மரியாதையாக, ஆனால் குறிப்பாகக் கேள். தைப்பூசத்தைப் பற்றியும் பக்தரின் சம்மதத்தைப் பற்றியும் நான்கு வரி எழுதிச் சேர். வரும் பதிலைப் பத்திரப்படுத்து; பதில் வராவிட்டால், கேட்ட கடிதத்தைப் பத்திரப்படுத்து. இரண்டாவதாக, தளத்தின் விதிகளை மட்டும் படித்துவிட்டுத் திருப்தியடையாமல், அத்தளம் எந்தப் பட்டுவாடா நிறுவனத்தைப் பயன்படுத்துகிறதோ அதன் விதிகளையும் தேடிப் படி; உண்மையில் உன்னை ஆள்வது அதுதான். மூன்றாவதாக, விற்ற பணத்தைத் தளத்திலேயே தேங்கவிடாமல் அவ்வப்போது உன் வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொள். சர்ச்சை வந்தால் பேபால் போன்றவை 180 நாள்வரை பணத்தை நிறுத்திவைக்கக்கூடும்.

நான்காவதாக, ஒரே வழியை நம்பியிராதே. ஜப்பானியருக்கு ஜேசிபி இருந்ததுபோல், நமக்கு எஃப்பிஎக்ஸ், டூயிட்நவ் என்னும் உள்நாட்டுப் பட்டுவாடா வழிகள் இருக்கின்றன. அவற்றை நடத்தும் பேநெட் உள்நாட்டு நிறுவனம், அதில் மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்கும் பங்கு உண்டு. அவற்றுக்கும் விதிகள் உண்டு, நாட்டின் சட்டமும் உண்டு. ஆனால் ஜாலான் தெங்கு கிளானாவில் பூக்கட்டுபவர்கூட டூயிட்நவ் வில்லையை ஒட்டி வைத்திருக்கும் ஓர் ஊரில், அலகு என்றால் என்ன என்று விளக்கவேண்டிய தொல்லையாவது குறையும். உன் படங்களை விரும்பி வாங்குவோரின் முகவரிகளை, அவர்கள் சம்மதத்தோடு, நீயே குறித்து வைத்துக்கொள். தளம் கதவை மூடினாலும் உனக்கும் அவர்களுக்கும் இடையே உள்ள உறவு மூடாது. ஆனால் அந்தப் பட்டியலை ஜாக்கிரதையாக வைத்திரு. சுனாரின் வாசகர்களுக்கு நேர்ந்ததை நினைவில் கொள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானதைக் கடைசியாகச் சொல்கிறேன். அடுத்த படத்தில் அலகை விட்டுவிட்டுப் பால்குடத்தை மட்டும் வரையலாமா என்று உன் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறாய். பால்குடம் வரைய வேண்டுமென்று உனக்குத் தோன்றினால் வரை. மறைத்துவிடுவார்களே என்று பயந்து வரையாதே. மேலிருந்து கீழே வரவர விலக்கு அகலமாகிறது என்றேனே, அந்த வரிசையில் கடைசி ஆள் தளத்தின் ஊழியர் அல்லர். பேனாவை எடுக்கும் முன்பே யோசிக்கத் தொடங்கும் கலைஞர்தாம். அவர் அஞ்சத் தொடங்கினால், அந்த வெட்டைப் பற்றி ஆட்சேபிக்கக்கூட எவரும் இருக்கமாட்டார். ஏனெனில் வெட்டுவதற்குப் படமே இருக்காது. சட்டத்தை அறிந்து மதி. ஒப்பந்தத்தை, வியாபாரத்துக்குக் கொடுக்கும் விலை என்று எண்ணி, எவ்வளவு கொடுக்கிறாய் என்று கணக்குப் பார்த்துக் கொடு. ஆனால் எதை வரைவது என்ற தீர்மானத்தை மட்டும் அவ்விரண்டில் எதற்கும் கொடுத்துவிடாதே.

தளத்துக்கு எழுதும் கடிதத்தின் நகலை எனக்கும் அனுப்பு; திருத்தம் வேண்டியிருந்தால் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா